மூங்கிலில் வாய் மடங்கும் பாராங்

உங்கள் பாராங்கை (மலாய் வெட்டுக்கத்தி) மாற்ற வேண்டாம், அதன் வெட்டும் வாயைத்தான் திருத்த வேண்டும். பெஞ்ச் கிரைண்டரில் (மோட்டார் சாணைச் சக்கரம்) தீட்டிய பிறகுதான் மூங்கிலில் மடங்குகிறது, ஓரத்தில் நீலம் பூத்திருக்கிறது என்கிறீர்கள். அந்த நீலம் சுமார் 300 டிகிரி செல்சியஸில் வருவது. சூட்டில் எஃகின் பதம், அதாவது கடினம், இறங்கிவிட்டது. இனி தண்ணீரில் முக்கினாலும் திரும்பாது.

உறுதி செய்ய ஒரு சிறு அரம் போதும். பிடியை ஒட்டி, கிரைண்டர் படாத வாயில் லேசாக இழுங்கள். பிறகு மடங்கிய இடத்தில். இரண்டாவதில் அரம் கூடுதலாகக் கடித்தால் அங்கே எஃகு மென்மையாகிவிட்டது, காரணம் அந்தச் சூடுதான். முதுகோடு ஒப்பிடாதீர்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங்குகளில் பெரும்பாலும் வாய்ப்பக்கம் மட்டுமே கடினமாக இருக்கும்.

நீல நிறம் மேல்தோல்தான். அது மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அரம் கடிப்பது குறையும்வரை கையாலேயே ராவி, ஈரக்கல்லில் முடியுங்கள்.

தீட்டும்போது வாயின் மூன்று பகுதியையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவராதீர்கள். நடுவயிறு வெட்டுக்கு, அங்கே வாய் சற்றுப் புடைத்துத் தடிப்பாக இருக்கட்டும். பிடிப்பக்கம் சீவலுக்கு, நுனி தோலுரிக்க; இவை மெல்லியதாக இருக்கலாம். கடையில் தீட்டக் கொடுத்தால் இதைத்தான் முதலில் கெடுப்பார்கள்!

நிறைய ராவியும் மென்மையாகவே இருந்தால் கொல்லரிடம் மறுபடி தோய்க்க, அதாவது காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்க, கொடுங்கள். மலேசியாவில்தானே இருக்கிறீர்கள்? கொண்டுபோகும்போது உறையிட்டுக் கட்டி எடுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் பாராங் வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருட்கள் மற்றும் தாக்குதல் ஆயுதங்கள் சட்டப்படி குற்றம்.