மும்பை செம்பூர் தீபாவளி விருந்துக்குக் கடையில் என்ன வாங்கலாம்?

25 பேர், அதில் ஒரு ஜெயின் குடும்பம், சமைக்க நேரமில்லை என்று எழுதியிருந்தீங்க. தாராளமா வாங்கியே சமாளிக்கலாம்ங்க, அதில் ஒரு கூச்சமும் வேண்டாம்.

முதல்ல சமோசாவை மறந்துடுங்க. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு மூணும் ஜெயின்களுக்கு ஆகாது. ஆறினா மத்தவங்களும் தொடமாட்டாங்க. ஃபர்சாண் (குஜராத்தி நொறுக்குத்தீனி) கடையில் "ஜெயின் சமோசா" கேட்டா வாழைக்காய் வச்சுத் தருவாங்க. என் ஓட்டு கடலைமாவுல செய்யுற டோக்ளாவுக்கும் காண்ட்விக்கும்தான். ஆறியே சாப்பிடலாம், சூடுபண்ணுற வேலை இல்லை. நம்ம ஊர் ருசிக்கு மாட்டுங்காவில் நேந்திரங்காய் சிப்ஸ், ரிப்பன் பக்கோடா. பூண்டு போட்டிருக்கான்னு கேட்டு வாங்குங்க, மிக்சர்ல கண்டிப்பா கேளுங்க. நான் கேட்காம வாங்கி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வெறும் காப்பி குடிச்சுட்டுப் போனாங்க!

இனிப்புக்கு காஜூ கத்லியும் மைசூர்பாகும் இரண்டு நாள் முன்னாடியே வாங்கலாம். ரசகுல்லா, ரசமலாய் அன்னிக்குக் காலையில்தான். 2020 அக்டோபரிலிருந்து சில்லறையா விற்கிற இனிப்புத் தட்டிலும் எந்தத் தேதிக்குள் சாப்பிடணும்னு கடைக்காரர் எழுதி வைக்கணும், அதைப் பாருங்க. எடை போடும்போது அட்டைப்பெட்டியைக் கழிக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, ஜெயின்கள்ல பலர் பொழுது சாய்ஞ்சா சாப்பிடமாட்டாங்க. தீபாவளி சமயத்துல மும்பையில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைஞ்சிடும். அவங்களை மட்டும் அஞ்சு மணிக்கே வரச் சொல்லிடுங்க.