பழைய சுவருக்குப் புதிய சிமெண்ட்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. கீழே மூன்றடிக்குச் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கொட்டியதால் சிமெண்ட் பூசினோம். அதுவும் பெயர்ந்துவிட்டது, ஓதம் இப்போது ஐந்தடி ஏறிவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, தெற்கு மாசி வீதி

பதில்: அந்தக் காலத்துச் சுவர்களில் அடியில் ஓதம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்ததால் ஈரம் மேலே ஏறியது. கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து அதைத் தள்ளுகிறது.

முதலில் தெருவைப் பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு வாசலைவிட உயர்ந்திருந்தால் மழைத்தண்ணீர் சுவரடியில்தான் நிற்கும். அதற்கு வடிகால் இல்லாமல் பூச்சு வேலையே தொடங்க வேண்டாம்.

பிறகு சிமெண்டை உளி, சுத்தியலால் எடுங்கள். மெஷின் வைத்து உடைத்தால் செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். உதிரும் சாந்தை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். சித்திரை, வைகாசி வெயிலில் சுவர் காயட்டும்.

கல் சுண்ணாம்பை நீற்றும்போது தொட்டியில் தண்ணீர் விட்டு அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவும். கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். சலித்து, நீர் மூடியபடி ஒரு மாதமாவது ஊறட்டும். காற்றுப்பட்டுக் கிடந்த பழைய மூட்டைத் தூள் பிடிக்காது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். வெல்லம் கூடினால் சாந்து இறுகத் தாமதமாகும்.

ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வெடிக்கும். அது இறுகிய பின் அடுத்தது. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஈரச்சாக்கு கட்டிக் காப்பாற்றுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகும், அதற்கு ஈரம் வேண்டும். ஆடிக் காற்று அந்த ஈரத்தைக் குடித்துவிடும், ஆவணியில் பூசுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் அடித்தால் பழைய கதைதான்.

கேள்வி: நாயக்கர் மகாலில் பாதி வெள்ளைக்காரன் கட்டியதாமே?
- வாசகர், திருமங்கலம்

பதில்: 1636-இல் எழுந்த அரண்மனை அது. பெரும்பகுதியைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதரே திருச்சியில் அரண்மனை கட்டுவதற்காகப் பிரித்தெடுத்தார் என்பார்கள். எஞ்சியதைப் பழுது பார்க்கச் செய்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர். பிறகு நீதிமன்றமும் அங்கே இயங்கியது. அந்தப் பழுதுபார்ப்பும் இன்று கட்டடத்தின் வரலாறுதான். அதைச் சுரண்டிவிட்டு அசலைத் தேடுவது வீண் வேலை.

கேள்வி: பெரியாறு அணையில் போட்ட சுர்க்கியை வீட்டுக்கும் போடலாமா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: 1895-இல் முடிந்த அந்த அணையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் உண்டு. சுர்க்கி என்பது செங்கல் பொடி. ஈரத்திலும் இறுகும் என்பதால் குளியலறைச் சுவருக்கும் மாடித் தளத்துக்கும் நல்லது. மிதமாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலியுங்கள். கருகச் சுட்டதில் அந்தப் பிடிப்பு வராது.