வளசரவாக்கம் வீட்டில் நிற்காமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க்

அன்புள்ள தம்பிக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சென்னை வளசரவாக்கத்தில் குடியேறி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், கழிப்பறைத் தொட்டியில் இரவு முழுவதும் தண்ணீர் ஓடுகிறது என்றும், வீட்டுக்காரரின் பொருளில் கை வைக்கலாமா என்று தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இன்றைக்கே கை வையுங்கள்.

ஊரில் நமக்கு வளவுக்குள்ளேயே கிணறு இருந்தது. இங்கே மாடித் தொட்டிக்கு ஏறுவது எல்லா வீடுகளுக்கும் பொதுவான சம்புத் தண்ணீர், அதாவது நிலத்தடித் தொட்டித் தண்ணீர். அந்தச் சம்பு நிரம்ப மெட்ரோ வாட்டர் என்னும் குடிநீர் வாரியத் தண்ணீரையோ போர்வெல்லையோ லாரியையோ நம்ப வேண்டும். நிமிடத்துக்குக் கால் லிட்டர்தான் ஒழுகுகிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 360 லிட்டர். 9,000 லிட்டர் லாரித் தண்ணீர் 25 நாளில் வீணாகிவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது குடத்துடன் லாரிக்கு முன் நின்றவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

டேங்க்கின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் பொத்தான் உள்ள வகையானால் அதைத் திருகிக் கழற்றிய பிறகே மூடி வரும். உள்ளே நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்வழியாகத் தண்ணீர் இறங்கினால் கோளாறு ஃப்ளோட்டில், அதாவது தண்ணீர் மட்டத்தோடு ஏறி வரத்தை நிறுத்தும் மிதவையில். அதன் திருகைச் சரிசெய்து, குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். ஃப்ளோட்டைக் கையால் உயர்த்தியும் தண்ணீர் நிற்கவில்லையானால், அது மூடித் திறக்கும் வால்வின் வாயில் மண் அடைத்திருக்கும் அல்லது அதன் உள் வாஷர் தேய்ந்திருக்கும்.

தண்ணீர் குழாயின் வாயை எட்டாமலே ஓடுகிறதென்றால், டேங்க்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கரைத்து, இருபது நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் டேங்க்கின் அடித் துளையை அடைக்கும் ரப்பர் வளையமான அடி வாஷர்தான் காரணம். என் முதல் வாடகை வீட்டில் இது தெரியாமல் இரண்டு முறை ஃப்ளோட்டை மாற்றினேன். பிறகு அடி வாஷரைக் கழற்றியபோது அதன் விளிம்பில் அரிசிக் குருணை போல வெள்ளை உப்பு படிந்திருந்தது, நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. வினிகரில் ஊறவைத்து, வாஷர் அமரும் இடத்தையும் துணியால் துடைத்து மாட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

கழற்றுமுன் சுவரோரம் உள்ள ஆங்கிள் காக்கை, அதாவது டேங்க்குக்குத் தண்ணீர் வரும் சிறு குழாய்த் திருகை, மூட வேண்டும். உப்பேறி இறுகியிருந்தால் ஸ்பேனரால் முறுக்காதீர்கள், முறிந்துவிடும். மொட்டைமாடியில் உள்ள வால்வை வாட்ச்மேனிடம் கேட்டு, அதே லைனில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிட்டு மூடுங்கள்.

வாஷரின் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தால் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள்; அளவுகள் வேறுபடும். நம் ஊர்ப்பேச்சில் தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் என்று கேட்டால் கடைக்காரருக்குச் சட்டென்று விளங்காது. ஃப்ளஷ் டேங்க் வாஷர் என்று கேளுங்கள்.

அதற்கும் நிற்கவில்லையானால் டேங்க்கின் உள்ளே இருக்கும் பாகங்கள் முழுவதையும் (உள் செட்) மாற்ற வேண்டியிருக்கும். பிளம்பரை அழைக்குமுன் செலவு யாருடையது என்பதை வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். அதுவரை இரவில் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் நிறைத்து வையுங்கள்.