இரண்டு வேலை செய்தால்தான் உழைப்பாளியா?

கேள்வி: என் அப்பா 1987இல் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்து எங்களைப் படிக்கவைத்தார். இப்போது சித்தப்பாவின் மகன் மாணவனாக வந்து, ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் தங்கியிருக்கிறான். "உழைக்கத் தெரியாதவன், நன்றியில்லாதவன்" என்று அப்பா நாள்தோறும் அவனை ஏசுகிறார். நான் எப்படித் தலையிடுவது?
- வாசகி, ரொறன்ரோ

பதில்: உங்கள் தம்பி சோம்பேறியாகவும் இருக்கக்கூடும், ஒரு கடிதத்தை வைத்து அதை நான் தீர்மானிக்க இயலாது. ஆனால் அப்பா செய்ததைப் போல் இரவும் பகலும் வேலை செய்யச் சட்டம் அவனை அனுமதிக்கவில்லை. 2024 நவம்பர் முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வெளிநாட்டு மாணவர்கள் கல்வி வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. மீறினால் படிப்பதற்கான அனுமதியே பறிபோகலாம். பின்னர் நிரந்தர வதிவிடம் கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும். உள்ளூர் மாணவர்களைவிடப் பல மடங்கு கட்டணத்தையும் அவன் கட்டவேண்டியிருக்கிறது. அதற்காகச் சித்தப்பா ஊரில் எதை ஈடுவைத்தார் என்பதை அப்பாவிடமே கேட்டுப்பாருங்கள்.

அப்பா வந்த காலத்தின் நிலைமை வேறு. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கைத் தமிழர் தொடர்பான விதிகளைக் கனடா தளர்த்தியிருந்தது. அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மையைச் சந்தேகிக்கும்போது அவரை நேரில் விசாரித்தே முடிவெடுக்க வேண்டும் என்று 1985 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றியபோது, அரசு அவர்களைத் திருப்பி அனுப்பாமல், வேலை செய்யும் உரிமையோடு தங்கவிட்டது. ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னது தெரியவந்ததும், இவர்களை நம்பலாமா என்று நாடெங்கும் வாக்குவாதம் எழுந்தது. புதிதாக வந்தவனைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதை முந்தி வந்தவர்கள் நன்கு அறிவார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இதனால் அப்பாவின் உழைப்பு சிறுத்துவிடாது. ஆயினும் அந்த உழைப்பு பலன் தந்ததில், உடனே கிடைத்த வேலை அனுமதிக்கும், முதலில் இடம் தந்த ஊர்க்காரருக்கும், வீட்டுக்கு முன்பணம் சேர்த்துத் தந்த சீட்டுக்கும் பங்குண்டு. கனடாவுக்கு நன்றி சொல்லும் நம் பெரியவர்கள் பலர், தங்கள் கதையைச் சொல்லும்போது இவர்களை விட்டுவிடுகிறார்கள்.

தம்பி இருக்கும்போது அப்பாவுடன் வாதாடாதீர்கள். ஓய்வான ஒரு நாளில், முதல் குளிர்காலத்தில் எங்கே தங்கினார், முதல் வேலையை யார் பிடித்துக் கொடுத்தார் என்று கேளுங்கள். உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேளுங்கள். மடக்குவதற்காகக் கேட்டால் அவர் உடனே கண்டுகொள்வார். தம்பியிடம் அவனுடைய வகுப்பு அட்டவணையையும் சம்பளச் சீட்டையும் அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் அவன் முழுநேரம் வேலை செய்யலாம் என்பதால், வாடகையாக எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து தருவது என்பதை மூவரும் உட்கார்ந்து இப்போதே பேசி முடியுங்கள்.