காசு கொடுத்து எழுதச் சொல்லி வாங்கிய சோர்ஸ் கோட் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நானும் மனைவியும் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறோம். விண்டோஸ் டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடக்கும் ஐகான்களைக் கட்டம் கட்டி அடுக்குவதும் தீம் மாற்றுவதும்தான் எங்கள் மென்பொருளின் வேலை. வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். ஐகான் அடுக்கும் பகுதியின் சோர்ஸ் கோட், அதாவது புரோகிராம் வரிகளை, பொள்ளாச்சியில் இருக்கும் ஒரு ஃப்ரீலான்சரிடம் எழுதச் சொல்லி வாங்கினோம். ஒப்பந்தம் போடவில்லை, ஜிபேயில் பணம் அனுப்பியதோடு சரி. இப்போது அவர் அதே பகுதியை வேறு பெயரில், என் மனைவி வரைந்த ஐகான் படங்களையும் சேர்த்து விற்கிறார். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் 17ஆம் பிரிவுப்படி அது முதலாளிக்குச் சொந்தம், ஆனால் ஃப்ரீலான்சர் உங்கள் ஊழியர் இல்லை. அவரிடமிருந்து உரிமை உங்களுக்கு மாற வேண்டுமென்றால் 19ஆம் பிரிவு கேட்பது அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், அது உங்களிடம் இல்லை. ஜிபே ரசீது பணம் போனதைக் காட்டும், உரிமை வந்ததைக் காட்டாது. காசு வாங்கிக்கொண்டு உங்கள் மென்பொருளுக்காகவே எழுதிக் கொடுத்ததால் நீங்கள் அதைப் பயன்படுத்துவதை அவர் சுலபமாகத் தடுக்க முடியாது. அதே சமயம் அவர் தான் எழுதிய சோர்ஸ் கோட் விற்பதை நீங்களும் தடுக்க முடியாது. ஐகான்களைக் கட்டத்துக்குள் அடுக்கும் யோசனைக்கும் பதிப்புரிமை கிடையாது. அமெரிக்காவின் ஸ்டார்டாக் கம்பெனி ஃபென்சஸ் என்ற பெயரில் அதைத்தான் பல வருடமாக விற்கிறது.

உங்கள் கை ஓங்கியிருப்பது அந்த ஐகான் படங்களில். வரைந்தது உங்கள் மனைவி, அவரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, அப்படியென்றால் அவைகள் முழுக்க அவருடையவை. ஃப்ரீலான்சர் அனுமதி இல்லாமல் காசுக்கு விற்பது தெளிவான மீறல். அதனால் வக்கீல் நோட்டீஸ் மனைவி பெயரில், படங்களை மட்டும் வைத்துப் போகட்டும். அதற்கு முன்னால் ஃப்ரீலான்சர் விற்கும் மென்பொருளில் ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கி பில்லோடு வையுங்கள். படங்களின் மூலக் கோப்புகளை, லேயர்களும் தேதிகளும் மாறாமல், தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) வரலாற்றில் யார் எந்த வரியை எப்போது சேர்த்தார் என்பது இருக்கும், கோபத்தில் அவர் பெயரை அழித்துவிடாதீர்கள், நாளைக்கு அதுதான் உங்கள் சாட்சி. மின்னணு ஆவணங்களைக் கோர்ட்டில் கொடுக்கும்போது 2023ஆம் வருட பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) வேண்டும்.

இன்னொன்றை இன்று ராத்திரியே பாருங்கள். இன்ஸ்டாலர் உங்கள் கம்பெனி வெளியிட்டதுதான் என்று டிஜிட்டல் கையெழுத்திடும் சான்றிதழ் இருக்கும் யூஎஸ்பி டோக்கன் யார் வீட்டில் இருக்கிறது? ஃப்ரீலான்சர் கையில் இருந்தால் உங்கள் கம்பெனி பெயரில் அவர் எதை வேண்டுமானாலும் வெளியிடலாம். சான்றிதழ் கொடுத்தவர்களிடம் சொல்லி ரத்து செய்து புதிதாக வாங்குங்கள். கிட் அட்மின் அனுமதி, டொமைன் பாஸ்வேர்ட் இரண்டையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பேச்சுவார்த்தை. படங்களை அவர் எடுத்துவிட வேண்டும், ஒரு நியாயமான தொகைக்கு அந்தப் பகுதியின் உரிமையை உங்கள் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும், இதுதான் என் கணக்கில் நல்ல முடிவு. எழுதும்போது ஒன்றில் கோட்டை விடாதீர்கள்: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும், எந்த ஊருக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் வெளியே இருக்கும்போது அப்படிப்பட்ட பத்திரம் வெறும் காகிதம். பதிப்புரிமை இருக்கும் காலம் முழுக்க, உலகம் முழுக்க என்று வெளிப்படையாக எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும், இருவருக்கும் புரிகிற மொழியில் இருப்பதே நல்லது.

மசியவில்லை என்றால் வழக்குக்காக கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி வரை அலைய வேண்டாம். வழக்குப் போடுபவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே போடலாம் என்கிறது 62ஆம் பிரிவு, அதனால் பாலக்காடு மாவட்ட நீதிமன்றம் போதும். வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அது வணிக வழக்கு. உடனடித் தடை கேட்காத பட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

மென்பொருளின் பெயருக்கு டிரேட்மார்க் இல்லையென்றால் மென்பொருளுக்கான 9ஆம் வகுப்பில் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் கட்டணம் 4,500 ரூபாய், கேரளாவுக்கும் சென்னை அலுவலகம்தான். வக்கீலைப் பார்க்கப் போகும்போது ஃப்ரீலான்சரோடு பேசிய வாட்ஸ்அப் அரட்டை முழுவதையும் கொண்டுபோங்கள். "இது உங்களுக்குத்தான் அண்ணா, வேறு யாருக்கும் தர மாட்டேன்" என்கிற மாதிரி ஒரு வரி எங்காவது கிடந்தால் கோட் விஷயத்திலும் பேச இடம் உண்டு.