பெங்களூரு, 1990: ஓடுபாதைக்கு 2,300 அடி முன்பாக

கேள்வி: 1990இல் பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்ததற்கு விமானிகளின் தவறே காரணம் என்று படித்தேன். வானம் தெளிவாகவும் எஞ்சின் பழுதில்லாமலும் இருந்த பட்டப்பகலில், விமானி அறையில் இருந்த இருவருமே எப்படிக் கோட்டை விட்டார்கள்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தாங்கள் படித்தது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மும்பையிலிருந்து 146 பேருடன் வந்த அந்த ஏர்பஸ் ஏ320 விமானம், பிப்ரவரி 14 அன்று பிற்பகல் ஒரு மணியளவில், ஓடுபாதைக்குச் சுமார் 2,300 அடி முன்பாக ஒரு கோல்ஃப் மைதானத்தில் மோதியது. 92 பேர் இறந்தனர். 54 பேர் உயிர் பிழைத்தனர்.

நீதி விசாரணையின் முடிவு ஒரு குமிழைச் சுட்டியது. விமானிக்கு முன்னுள்ள பலகையில் இறங்கும் வேகத்தைக் குறிக்கும் குமிழும் உயரத்தைக் குறிக்கும் குமிழும் அருகருகே உள்ளன. நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்க வேண்டும் என்று நினைத்தவர், 700 என்ற எண்ணை உயரத்துக்கான குமிழில் திருப்பியிருக்கக்கூடும் என்று விசாரணை கருதியது. பெங்களூரின் அப்போதைய எச்ஏஎல் விமான நிலையமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. அதாவது, மண்ணுக்கு அடியில் இருக்கும் ஓர் உயரத்துக்கு இறங்கச் சொன்னதாகக் கணினி எடுத்துக்கொண்டு, எஞ்சின்களை ஐடில் என்னும் மிகக் குறைந்த விசை நிலைக்குத் தணித்துவிட்டது. இரு விமானிகளுக்கும் தனித்தனியே திரையில் வழிகாட்டும் ஃபிளைட் டைரக்டர் இரண்டையும் அணைத்திருந்தால் கணினி வேகத்தைக் காக்கும் முறைக்குத் திரும்பியிருக்கும். ஒன்று மட்டுமே அணைக்கப்பட்டது. 132 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) இருக்க வேண்டிய வேகம் 106 வரை சரிந்தது. விமானிகள் சுதாரித்து முழு விசையைக் கொடுத்தபோது, ஐடிலில் கிடந்த எஞ்சின்கள் விசை பிடிப்பதற்குள் தரை வந்துவிட்டது.

என்னை உறுத்துவது வேறொன்று. பழைய விமானங்கள் பலவற்றில் கணினி எஞ்சின் விசையைக் குறைத்தால், விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலும் தானாகப் பின்னுக்கு நகரும். கை அதை உணர்ந்துவிடும். ஏ320இல் நெம்புகோல் வைத்த இடத்திலேயே அசையாமல் நிற்கும். திரையைப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் ஓடுபாதை கண்ணெதிரே இருக்கும்போது திரையை யார் பார்ப்பார்கள்? பார்த்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். விசாரணையும் அவர்களை விட்டுவைக்கவில்லை. ஆயினும் அந்த வகை விமானம் அப்போது நம் நாட்டுக்குப் புதிது. விபத்துக்குப் பின் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் அனைத்தையும் அரசு பல மாதங்கள் பறக்கவிடவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1992 ஜனவரி 20 இரவு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே இன்னொரு ஏ320 இறங்கும்போது மலையில் மோதியதில் 87 பேர் இறந்தனர். 3.3 பாகைச் சரிவில் இறங்க நினைத்து, 33 என்ற எண்ணை நிமிடத்துக்கு 3,300 அடி இறங்கும் முறையில் அதன் விமானிகள் வைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். பலகையின் சிறு திரையில் சரிவு 3.3 என்றும், இறங்கும் வேகம் நூறுகளில் 33 என்றும் தெரிந்தன, வேறுபாடு ஒரு புள்ளிதான். அதன் பிறகே ஏர்பஸ் நிறுவனம் இறங்கும் வேகத்தை நான்கு இலக்கங்களில் முழுமையாகக் காட்டும்படி அந்தப் பலகையை மாற்றியது.