போட்டோகிராஃபர்கள் பத்தின டாக்குமெண்டரில எதை முதல்ல பார்க்கலாம்?

என்னைக் கேட்டா முதல்ல 'தி சால்ட் ஆஃப் தி எர்த்' (2014) பாருங்க. பிரேசில் போட்டோகிராஃபர் செபாஸ்டியாவ் சல்காடோ பத்தினது, ஜெர்மன் டைரக்டர் விம் வெண்டர்ஸும் சல்காடோவோட மகன் ஜூலியானோவும் சேர்ந்து எடுத்தாங்க. பேட்டி எடுத்த விதமே வேற மாதிரி, இருட்டு ரூம்ல சல்காடோ முன்னாடி பாதி ஊடுருவித் தெரியுற ஒரு கண்ணாடி, அதுல அவர் எடுத்த போட்டோ தெரியும், கேமரா அதுக்குப் பின்னாடி இருக்கும், அதனால அவர் போட்டோவைப் பார்த்துப் பேசுறது நம்ம கண்ணையே பார்த்துப் பேசுற மாதிரி இருக்கும். செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்துல மண்மூட்டையோட ஏணி ஏறுற ஜனங்க, அப்பப்பா! ருவாண்டா இனப்படுகொலை பத்தின பகுதி வர்றப்போ மனசு கனத்துடும், அவரே அதுல உடைஞ்சு போயி, அப்புறம் மனைவி லெலியாவோட சேர்ந்து அப்பாவோட காய்ஞ்ச பண்ணைல காடு வளர்த்தாரு.

அடுத்து 'வார் போட்டோகிராஃபர்' (2001). போர்க்கள போட்டோகிராஃபர் ஜேம்ஸ் நாக்ட்வேயோட ஸ்டில் கேமரா மேலயே குட்டி வீடியோ கேமரா மாட்டிருக்காங்க, அவர் விரல் ஷட்டரை அமுக்குறது வரைக்கும் தெரியும்.

'ஃபைண்டிங் விவியன் மையர்' படமும் நல்லாருக்கு, ஆனா குழந்தை பாத்துக்கிற வேலை செஞ்சுக்கிட்டே ஒரு லட்சத்துக்கு மேல போட்டோ எடுத்து யாருக்கும் பெருசா காட்டாம வெச்சிருந்த விவியனோட பெட்டியைத் திறக்கிறது எனக்கு உறுத்தலாத்தான் இருந்துச்சு.